அழிக்கப்பட்ட கையெழுத்து

கொட்டாஞ்சேனையில் தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணியிடம் மரப்பலகையில் செதுக்கித் தாளில் அச்சிட்ட படமொன்று விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, வெள்ளவத்தையிலிருந்து போனேன். அவருக்கு அறுபது வயதிருக்கும். ஒவ்வொரு பேச்சுக்கும் முன் நூலைப் பல்லால் கடித்து அறுப்பார்.

படத்தில் ஒரு துறைமுகத் தொழிலாளி முதுகில் மூட்டையோடு நின்றார். அடியில் பென்சிலால் ஓர் ஒல்லாந்து ஓவியரின் கையெழுத்து. எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். கப்பலில் வந்து, சில மாதம் கொழும்பில் தங்கிப் படம் செதுக்கியவர். ஊர் திரும்பிப் பேராசிரியரானார். அவருடைய படங்கள் ஐரோப்பிய நூதனசாலைகளில் தொங்குகின்றன.

“இது எங்கட அப்பா, ஐயா. அந்த ஓவியர் இவரை நாள் முழுக்க மூட்டையோட நிப்பாட்டிப்போட்டு, கூலிக்குப் பதிலா இதைத் தந்திட்டுப் போனவர். அப்பாட பேர் புத்தகங்களில இருக்கோ?”

“இல்லை. ‘கொழும்புக் கூலி’ எண்டுதான் போட்டிருக்கு.”

அவர் தையற்பெட்டியிலிருந்து அழிறப்பரை எடுத்துக் கையெழுத்தைத் தேய்க்கத் தொடங்கினார்.

“ஐயோ அக்கா, அந்தக் கையெழுத்துக்குத்தான் விலை!”

“தெரியும் ஐயா. அதுக்குத்தான் அழிக்கிறன்.”

தூளை ஊதிவிட்டு, அதே இடத்தில் தன் தகப்பனின் பெயரை எழுதினார்.

“இனி இதில அந்த ஒல்லாந்தருக்கு இடமில்லை. இப்ப சொல்லுங்கோ, வாங்கிறீங்களோ?”

தொழிலாளியின் முகத்தில் ஒரு கோடும் குறையவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன். அவர் பழிவாங்கியது அந்த ஒல்லாந்தரை மட்டும்தானா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.