பழைய லேப்டாப்பில் வேறு டிரைவ்

நான் கப்பலில் இருந்ததால் அப்பாவின் அடக்கத்துக்கு வர முடியவில்லை. கடலில் இருப்பவர்களுக்காக அடக்கத்தைப் படம்பிடிக்கும் எங்கள் மணப்பாட்டு ஊர் வழக்கப்படி எனக்காக வீடியோ எடுத்து டிஸ்க்கில் வைத்திருந்தார்கள். லீவில் வந்து பார்த்தால் பழைய லேப்டாப்பின் டிவிடி டிரைவ் கெட்டிருந்தது.

தூத்துக்குடியில் வேறு டிரைவ் வாங்கினேன். அதன் முன்பக்க பிளாஸ்டிக் முகப்பு லேப்டாப்போடு பொருந்தவில்லை. பழைய முகப்பைக் கழற்றி, அரத்தால் ராவி, புது டிரைவில் மாட்டினேன். ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் கையில் அகப்பட்ட காமெடி டிஸ்க்கைப் போட்டுச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் அம்மா நின்றிருந்தாள். தலையில் முக்காடு, கையில் அப்பாவின் டிஸ்க்.

"ஓடுதாலே? நீ வந்த பொறவு சேந்து பாப்போம்னு நான் இன்னும் பாக்கல."

திரையில் அப்பாவின் சவப்பெட்டி வந்ததும், சற்றுமுன் நான் சிரித்த சிரிப்பு காதில் கேட்க, தேம்பி அழுதேன். அம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். துக்கத்தில் அழுகிறேன் என்றுதான் இன்றுவரை நினைத்திருக்கிறாள்.