பதினொரு நிமிட வரலாறு

புத்தகம் கேட்பதும் என் வேலையில் ஒரு பகுதி என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், லண்டனில், கண்பார்வை போன முதியவர் ஒருவரைப் பராமரித்து வந்தேன். ஹாரிஸ் என்று பெயர். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். செவ்வாய்தோறும் நூலக வண்டி புதிய ஒலிநூல்களைக் கொண்டுவரும். கதைகள் அவருக்குப் பிடிக்காது. விளையாட்டு, வரலாறு, அன்றாட வாழ்வுக்கான தத்துவம், இவைதான் வேண்டும். அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, சீடியைப் போட்டுவிட்டு நான் துணி மடிப்பேன்.

ஒரு சீடியில் மலையேற்ற வீரர் ஒருவர், நாமே தேர்ந்தெடுத்த வலி இனிக்கும் என்றார். இலங்கையில், பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் என் அம்மா முதுகில் கூடையோடு ஏறிய மலையை யாரும் விளையாட்டு என்று சொன்னதில்லை. தத்துவக்காரர், ஒரு கோப்பைத் தேநீரை அவசரமில்லாமல் குடிக்கப் பழகினால் வாழ்வு விளங்கும் என்றார். தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தது தூசித் தேயிலை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் சங்கு ஊதுமுன், அதையும் நின்றபடியே அம்மா விழுங்கிவிட்டு ஓடுவாள்.

பிறகு இலங்கைத் தேயிலையின் வரலாறு வந்தது. ஏழு சீடிகள். வெள்ளைக்காரத் துரைமாரின் பங்களாக்கள், ரயில் பாதை, வேட்டை. ஒரு துரையின் நாய்க்குப் பெயர்கூட இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு வரி: தென்னிந்தியாவிலிருந்து கூலிகள் வரவழைக்கப்பட்டனர். எதையோ தவறவிட்டேனோ என்று பின்னால் ஓட்டிக் கேட்டேன். அதே வரிதான்.

"அந்தக் கூலிகள் என் ஆட்கள்தான்" என்றேன்.

ஹாரிஸின் முகம் மலர்ந்தது. "அப்படியா! இடம்பெயர்வது உங்களுக்குப் பரம்பரைப் பழக்கம். இங்கே வருவது கஷ்டமாக இருந்திருக்காது."

அன்பாகத்தான் சொன்னார். அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டுச் சமையலறைக்குப் போய் நின்றேன்.

என் அண்ணன் மோகன் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்திலிருந்து இறங்கிவந்து பெரகல சந்தியில் ஒரு தொலைபேசிக் கடையில் என் அழைப்புக்குக் காத்திருப்பான்.

"அம்மாவ ஒரு கேசட்டுல பேச வச்சு அனுப்புண்ணே. அது வாழ்ந்த கதைய."

"அதுக்கு வெக்கமா இருக்கும். எனக்கு என்னா கதை இருக்குன்னு கேக்கும்."

"எது வேணும்னாலும் பேசட்டும்."

ஒன்றரை மாதம் கழித்து வந்த கேசட்டை, ஹாரிஸின் பழைய கேசட் ரேடியோவிலேயே போட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்னாத்த சொல்ல? பெரட்டுக்குப் போனேன், கொழுந்து எடுத்தேன், ஒங்களப் பெத்தேன். அம்புட்டுதான்."

அக்கம்பக்கத்துச் செய்திகள் கொஞ்சம் சொன்னாள். எங்கோ ஒரு சேவல் கூவியது. அம்மா தானாகவே தொடர்ந்தாள்.

"ஒனக்கு முன்னால ஒரு பொம்பளப்புள்ள இருந்துச்சு. ஒனக்குத் தெரியாது. ஆறு மாசம். புள்ளைங்களப் பாத்துக்கிற காம்பராவுல விட்டுட்டு மலைக்குப் போயிருந்தேன். காய்ச்ச கூடிருச்சுன்னு ஆள் வந்து சொன்னிச்சு. எடுத்த கொழுந்த தராசுல நிறுத்துட்டுப் போன்னாரு கங்காணி. நிறுத்துட்டுத்தான் போனேன். போனப்ப புள்ள கை சில்லுன்னு கெடந்துச்சு. அஞ்சாம் நம்பர் மலையிலதான் பொதச்சோம். அப்புறம் அங்கயும் தேயில நட்டுட்டாங்க. அதுலயும் நான் கொழுந்து எடுத்திருக்கேன். தெய்வானைன்னு பேரு. அந்தப் பேரத்தான் ஒனக்கு வச்சேன்."

அம்மா அழவில்லை. அண்ணன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மொத்தம் பதினொரு நிமிடம்.

"பாட்டா, பிரார்த்தனையா?" என்றார் ஹாரிஸ்.

"வரலாறு."

"நல்லது. மற்ற சீடிகள் எங்கே?"

மற்றவை இல்லை. கேசட்டை வெளியே எடுத்து அதன் உறையில் வைத்தேன்.

அடுத்த ஆண்டு அம்மா பதுளையில் ஆஸ்பத்திரியில் இறந்தாள். விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்த என் கடவுச்சீட்டு அப்போது குடிவரவு அலுவலகத்தில் இருந்தது. நான் போகவில்லை.

மலையகத் தமிழர்களின் குடியுரிமையை இலங்கை பறித்திருந்ததால், நடுவயது வரை எந்த நாட்டுக்கும் பிரஜையாக இல்லாதவள் அவள். எனக்கோ, சில ஆண்டுகள் கழித்து லண்டனில் மண்டபம் வைத்து, பூச்செண்டு கொடுத்துப் பிரஜாவுரிமை தந்தார்கள். அதிகாரி என் பெயரைத் திக்கித் திக்கி வாசித்தார். உடனே எழுந்திருக்க முடியவில்லை. அந்தப் பெயருக்குரியவள் அஞ்சாம் நம்பர் மலையில் தேயிலை வேர்களுக்கடியில் கிடக்கிறாள். எந்தப் பத்திரமும் இல்லாமல் அந்த மண்ணாகவே ஆகிவிட்டவள். அதிகாரி இரண்டாம் முறை அழைத்தபோது எழுந்து போய், ராணியின் படத்துக்குக் கீழே நின்று, எங்கள் இருவருக்குமான பெயரில் நான் மட்டும் கையெழுத்துப் போட்டேன்.