அன்று மதுக்கரைக்குப் போன மூவர்

அண்ணனின் முதல் வருடத் திதிக்குப் போடும் நினைவு மலருக்காக அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னபோது அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அம்மணி, பொறந்த ஊர்ல இருந்து ஆரம்பி. உம்பாட்டுக்குக் கடைசியில இருந்து ஆரம்பிச்சுப்போடாத." அப்பாவுக்கு என்னைத் தெரியும். எதையும் ஓடிப்போய் முதலில் சொல்கிறவள் நான். இருந்தாலும் ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்பா பொறுத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் தவறிய அன்று வீட்டுக்கு வந்த உங்களில் பலர் கேட்ட கேள்வி ஒன்று, ஒரு வருடமாக எங்கள் வீட்டிலேயே கிடக்கிறது. இத்தனை வருஷம் கூடவே வாசித்தவர்களில் ஒருத்தர்கூட வந்து முகம் பார்க்கவில்லையே என்ற கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன். இனி அப்பா சொன்னபடி.

அண்ணன் பிறந்தது காங்கேயத்தில். அப்பா அங்கே கொப்பரைக் களம் வைத்திருந்தார். எனக்கும் அண்ணனுக்கும் வயது வித்தியாசம் அதிகம். நான் பிறந்தபோது அவருக்கு மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு கடைவீதிக்குப் போக வெட்கப்படுவாராம். களத்து எண்ணெய் டின்களைத் தட்டித்தான் தாளம் கற்றார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அது பொய். பள்ளிக்கூட நாளில் அவர் ஒரு மேசையைக்கூடத் தட்டியதில்லை என்று அம்மா சொல்கிறார்.

எல்லாம் கோவையில் இஞ்சினியரிங் படிக்க வந்த பிறகுதான். ஹாஸ்டலில் ஒரு சீனியர் ஜாஸ் இசை சிடி ஒன்று வைத்திருந்தார். அண்ணன் வாங்கிக் கேட்டார், ஒன்றும் புரியவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் மறுபடியும் போய்க் கேட்டு வாங்கினார். படிப்பை முடித்தார், ஒரு பம்ப் கம்பெனியில் வேலைக்கும் போனார். சனி ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தார். பிறகு வேலையை விட்டுவிட்டுத் தனியாக ஒரு ஜாஸ் குழுவையே ஆரம்பித்துவிட்டார். பேஸ் கிட்டாருக்கு ரஹீம் பாய், சாக்ஸபோனுக்கு ஜோசப் அண்ணன், கீபோர்டுக்கு பிரபு. டிரம்ஸ் அண்ணன். மூவருக்கும் அவர் 'லீடர்'.

நம் பக்கத்தில் ஜாஸ் வாசிப்பது என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்தப் பாடுகளில் பாதி நீங்கள் கொடுத்ததுதான். ஒரு வரவேற்பில் அரை மணி நேரம் வாசித்து முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் மேடையருகே வந்து, "ஏனுங்க, டெஸ்டிங் முடிஞ்சுதுங்களா? பாட்டை ஆரம்பிச்சரலாமுங்களா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை ஜாஸ் டிரம்மர் என்று சொன்னதும், "ஜாஸ்ன்னா எந்தப் பக்கம் இருக்கற கம்பெனிங்க?" என்றார்கள். அந்தச் சம்பந்தமும் அமையவில்லை, வேறெதுவும் அமையவில்லை. இந்தக் கதைகளை எங்களுக்குச் சொல்லி அதிகம் சிரித்தவர் அண்ணன்தான்.

அம்மாவுக்கு அவர் விளக்கியதை நான் கேட்டிருக்கிறேன். அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "ஒரு பாட்டை எல்லாரும் சேந்து ஆரம்பிப்போமுங்கம்மா. அப்புறம் ஆளுக்கொரு பக்கம் போயிருவாங்க. யாரும் தொலைஞ்சு போகாம திரும்பி வந்து சேரோணும். அவ்வளவுதான்."

"தேர்த் திருவிழாவுக்குப் போன நம்ம ஊட்டு ஆளுக மாதிரி. செரி, அப்ப நீ எங்க கண்ணு போவ?"

"நான் எங்கீங்கம்மா போறது? அவங்க எங்க இருந்தாலும் கேக்கற மாதிரி அங்கயே உக்காந்திருப்பேன்."

குழுவுக்கு அண்ணன் வைத்த சட்டங்கள் கொஞ்சம். அதில் ஒன்று பெரியநாயக்கன்பாளையத்தில் நடந்த ஒரு வரவேற்புக்குப் பிறகு வந்தது. அன்று காலை பிரபு தன் தெருவில் ஒரு துக்க வீட்டுக்கு மாலை வாங்கிப் போய்விட்டு, குளித்து உடை மாற்றி மாலையில் மேடைக்கு வந்துவிட்டார். துக்க வீட்டில் அவரைப் பார்த்த யாரோ கல்யாண வீட்டில் சொல்லிவிட்டார்கள். எழவு வீட்டுக்குப் போன காலோடு மேடை ஏறிவிட்டாரென்று பேச்சு பரவியது. பெண்ணின் அத்தை வந்து, தப்பாக நினைக்க வேண்டாம், அவரை மட்டும் இறங்கச் சொல்லுங்கள் தம்பி என்று கும்பிட்டார். மணப்பெண் தலை குனிந்து அழுதுகொண்டிருந்தாள். பிரபு கடைசிவரை காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் இதைக் கேட்டுவிட்டு நான் குதித்தேன். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மூடநம்பிக்கையா, எதிர்த்துக் கேட்டிருக்க வேண்டாமா என்றேன். அண்ணன் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"நமக்கு நம்பிக்கை இருக்குதா இல்லையாங்கறது வேற அம்மணி. நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஊட்டுல சின்னதா ஒரு சங்கடம் வந்தாலும் நேத்து நடந்ததைத்தான் நெனைக்கும். நாம வாசிச்சது ஒருத்தருக்கு அப்படியா ஞாபகம் இருக்கோணும்?"

அன்றிலிருந்து சட்டம் இதுதான்: கல்யாண வீட்டில் வாசிக்கிற அன்று குழுவில் யாரும் துக்க வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. யாருடைய வீடாக இருந்தாலும் மறுநாள்தான்.

பெரிய மாமா தவறியபோது அண்ணன் வரவில்லை என்று நம் சொந்தத்தில் எத்தனை பேர் வருத்தப்பட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். அன்று அவருக்கு ஒரு வரவேற்பு இருந்தது. அப்போது அவர் இடத்தில் உட்கார வேறு ஆள் கிடையாது. மறுநாள் பால் ஊற்றும் நேரத்துக்கு வந்தார். யாரும் அவரோடு பேசவில்லை. காரணத்தையாவது சொல்லுங்கள் என்று நான் நச்சரித்தேன். வேலை இருந்தது என்று ஒரு எழவு வீட்டில் சொல்ல முடியுமா என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்தக் கல்யாண மேடையில் லீடரின் தாளம் தளர்ந்து தளர்ந்து போனது என்றும், அதற்கு முன்னும் பின்னும் தான் அப்படிக் கேட்டதே இல்லை என்றும் ரஹீம் பாய் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

பிறகு சிறுநீரகம் கெட்டது. வாரா வாரம் டயாலிசிஸ். அதற்காக ஒரு கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்ய வேண்டும், பழக்கமில்லாத கையில்தான் செய்வார்கள். டாக்டர் கேட்டார்: "உங்களுக்கு எந்தக் கை பழக்கம்?" அண்ணன் தன் இரண்டு கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "ரெண்டுந்தானுங்க டாக்டர்." டாக்டர் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். இடது கையைக் கொடுத்தார். அடிபடக் கூடாத கை அது. கொஞ்ச நாள் குச்சிக்குப் பதில் பிரஷ்ஷை வைத்து மெதுவாக வாசித்துப் பார்த்தார், அதுவும் முடியாமல் போனது. வேறொரு டிரம்மரை அழைத்து வந்து தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குழுவை நடத்தினார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது முகூர்த்த மாதம். மூவரையும் வரச் சொன்னார். அடுத்த நிகழ்ச்சியில் எந்தப் பாட்டுக்குப் பின் எது என்றெல்லாம் பேசி முடித்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்.

"எனக்கு ஏதாவது ஆகற அன்னிக்குப் புரோகிராம் இருந்துச்சுன்னா யாரும் ஊட்டுக்கு வராதீங்க. நேரா அங்க போயிருங்க."

ரஹீம் பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "இதெல்லாம் ஒரு பேச்சாங்க லீடர்? எங்க பக்கம் இந்தக் கணக்கெல்லாம் கெடையாது. நான் வருவேன்."

"உங்களுக்கு இல்லீங்க பாய். கல்யாண ஊட்டுக்காரங்களுக்கு இருக்குதுல்லங்க. அம்மணி, நீதான் சாட்சி. இவங்க வந்தா உள்ள விடாத."

ஜோசப் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பிரபு, சரிங்க லீடர் என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் தவறியது ஒரு முகூர்த்த நாள் காலையில். அன்று மாலை மதுக்கரையில் வரவேற்பு. ரஹீம் பாய்க்கு நான்தான் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டார். "வராதீங்கண்ணா" என்றேன். "தெரியுங்கம்மா" என்று வைத்துவிட்டார்.

பந்தலில் நீங்கள் அவர்களைத் தேடினீர்கள். அம்மாவும் தேடினார். ரஹீம் தம்பி வந்தாச்சா என்று நடுவில் கேட்டபோது, அம்மாவின் காதோரம் குனிந்து விவரத்தைச் சொன்னேன். அப்புறம் அவர் கேட்கவில்லை. மற்றவர்களிடம் அன்று சொல்லியிருந்தால் பேச்சு இங்கிருந்து மதுக்கரைக்குப் போக ஒரு போன் போதும். அதனால் நீங்கள் திட்டியதை எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அங்கே மாலையில் பெண்ணின் அப்பா, லீடர் எங்கே என்று கேட்டிருக்கிறார். கல்யாண வீட்டில் என்ன சொல்வது? "இன்னைக்கு அவருக்கு வர முடியலைங்க. ஆனா எல்லாம் அவர் சொன்னபடிதானுங்க நடக்குது" என்று ஜோசப் அண்ணன் சிரித்த முகத்தோடு சொன்னாராம். ஒரு பாட்டும் குறைக்காமல் வாசித்தார்கள். மறுநாள் விடிந்தும் விடியாமலும் மூவரும் எங்கள் வாசலில் நின்றார்கள். அதற்குள் வீட்டில் அண்ணன் இல்லை.

விவரம் தெரிந்து, கருமாதி முடிந்த பின் அந்தப் பெண்ணின் அப்பாவே தேடி வந்தார். தெரிந்திருந்தால் நாங்களே நிகழ்ச்சி வேண்டாம் என்றிருப்போமே என்று கண் கலங்கினார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அதுக்குத்தானுங்க அவன் சொல்ல விடலை."

இதை வெளியே சொல்ல வேண்டாம், பெருமைக்குச் செய்தது போல ஆகிவிடும் என்று மூவரும் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வருடம் அதற்குக் கட்டுப்பட்டேன். இப்போது எழுதுவதற்கு அவர்களிடம் அனுமதி கேட்கவில்லை, கேட்டால் கொடுக்க மாட்டார்கள்.

அண்ணனுக்கு டயாலிசிஸ் செய்த செவிலியர் அக்காக்களுக்கும், அலுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டிய பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், அன்று வந்து பந்தல் முதல் தண்ணீர் வரை பார்த்துக்கொண்ட பங்காளிகள், மாமன் மச்சான்கள், நண்பர்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவும் அம்மாவும் உங்களைக் கும்பிட்டுக்கொள்கிறார்கள்.

இன்னும் ஒரே ஒரு உதவி. இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது ரஹீம் பாயும் ஜோசப் அண்ணனும் பிரபுவும் வந்திருப்பார்கள். வழக்கம்போல வாசலுக்கு வெளியே, செருப்பு கிடக்கும் இடத்தை ஒட்டி நிற்பார்கள். நம்மில் யாராவது போய் உள்ளே கூட்டி வாருங்கள். முதல் பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் இலை போடுங்கள். எதுவும் கேட்க வேண்டாம். சாப்பிடச் சொன்னால் போதும்.