நகமில்லாத கட்டைவிரல்

ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் பீர் காய்ச்சுகிறவர்களின் சங்க விருந்தில் வால்புர்கா ஆயுசெல்லாம் ஊற்றிக்கொடுத்தவள்தான். புருஷன் போனபின் தொழிலைத் தானே கட்டிக்காத்ததால், இந்த வருஷம் அவளுக்கும் மேசையில் இடம் கிடைத்தது.

“கார் அவுஸ்!” என்று கத்தினார் சங்கத் தலைவர் யோப்ஸ்ட். முழுக்கக் காலி என்று அர்த்தம். பின்னாளில் ஆங்கிலேயர் குடித்துக் கும்மாளமிடுவதைக் ‘கரௌஸ்’ என்று சொன்னதும் இந்தக் கூச்சலிலிருந்து போனதுதான். குடித்தவர் குவளையை இடது கட்டைவிரல் நகத்தின்மேல் கவிழ்க்க வேண்டும். நகத்தில் தங்குகிற அளவு ஒரு சொட்டு விழலாம். வழிந்தால் மறுபடி குடிக்க வேண்டும்.

வால்புர்கா ஒரே மூச்சில் குடித்துவிட்டு விரலை நீட்டினாள். சின்ன வயதில் பீப்பாய் உருண்டு நசுக்கிய விரல் அது. நகமே இல்லை.

“எதுலம்மா கவுக்கப் போறே? பேசாம ஊத்திக்குடுக்கவே போயிரு,” என்றார் யோப்ஸ்ட். மேசையே சிரித்தது.

மழமழவென்றிருந்த அந்த விரல்மேல் அவள் குவளையைக் கவிழ்த்தாள். எல்லோரும் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒன்றுமே விழவில்லை.

“அந்த ஒரு சொட்டு சலுகையெல்லாம் நகம் இருக்குறவங்களுக்குத்தான், தலைவரே. இப்ப உங்க முறை. குடிங்க, பாக்குறேன்.”