நான் படித்துச் சொன்ன படங்கள்

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. இதை எழுத இப்போது கூச்சமில்லை. அப்போது யாராவது கண்டுபிடித்திருந்தால் வில்லியனூரை விட்டே ஓடியிருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் எழுத்துக் கூட்டியதோடு சரி. வீடு, அப்பா, குதிரை என்று பத்துப் பதினைந்து வார்த்தை வரும். என் கூட்டாளிகள் இருவருக்கும் நான் படித்தவனாவதற்கு அது போதுமாக இருந்தது. ஒருவன் அரியூரில் கரும்பு போடுகிறவன். இன்னொருவர் வில்லியனூர்க் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த பாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரியூர்க்காரன் வண்டியில் மூவரும் புதுச்சேரிக்குப் படம் பார்க்கப் போவோம். எல்லாம் ஊமைப் படம். நடுநடுவே திரையில் பிரெஞ்சில் எழுதிக் காட்டுவார்கள். நான் நடுவில் உட்கார்ந்து இருவர் காதிலும் அதைப் படித்துச் சொல்ல வேண்டும்.

படிக்க வந்தால்தானே. எழுத்து வந்ததும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேன். ஒரு படத்தில் காய்ச்சலில் கிடந்த பெண்ணைச் சாகடித்துவிட்டேன். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் சிரித்தபடி மாடிப்படி இறங்கி வந்தாள். "இவ செத்தவளோட தங்கச்சி" என்றேன். "அச்சு அசல் அவளாட்டமே கீறாளே" என்று பாய் மறுபடியும் அழுதார். இவர்கள் கண்ணில் ஒருநாள் பொய்யனாக நிற்கப்போகிறோம் என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

புதுச்சேரியில் தங்கிப் படித்த அரியூர்க்காரன் தம்பி படிப்பு முடிந்து ஊருக்கு வந்தான். பிரெஞ்சைத் தண்ணீராகப் பேசுவானாம். "வர்ற ஞாயித்துக்கெழம அவனும் வர்றான்பா" என்றான் அரியூர்க்காரன். போச்சு. அந்த வாரம் கண்வலி என்றேன். அடுத்த வாரம் நடவு என்றேன். அப்புறம் கூப்பிட வந்தவர்கள்மேல் வள்ளென்று விழுந்தேன். கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. கடைத்தெருவில் பார்த்தால் மழையைப் பற்றியும் விளைச்சலைப் பற்றியும் பேசிக்கொள்வோம்.

தை அறுவடை முடிந்த ஒரு ஞாயிறு, வண்டி என் வாசலில் வந்து நின்றது.

"வாப்பா, படம் தமிழ்லயே பேசுதாம். நீ ஒண்ணும் படிக்க வேணாம்" என்றான் அரியூர்க்காரன். தம்பி வேலை கிடைத்து சைகோனுக்குக் கப்பலேறிவிட்டானாம். சட்டையை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டேன்.

அன்றுதான் முதன்முதலாக ஒரு படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அதுவரை அடுத்த எழுத்து எப்போது வருமோ என்றுதானே உட்கார்ந்திருந்தேன். ராஜா பேசினார். ராணி பாடினாள், பாடினாள், நிறுத்தவேயில்லை. பாய் என் தொடையில் தாளம் போட்டார். கோமாளி வழுக்கி விழுந்ததற்கு மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இந்தச் சந்தோஷத்தையா இரண்டு வருஷம் வேண்டாமென்று வைத்திருந்தோம் என்று இருந்தது.

திரும்பும்போது மனசு கேட்கவில்லை. சொல்லிவிட்டேன். "அந்த ஊமப் படத்துக்கெல்லாம் நான் சொன்னது பூரா புளுகுபா. எனக்குப் பிரெஞ்சு வராது."

"தெரியும்" என்றான் அரியூர்க்காரன், மாட்டை ஓட்டிக்கொண்டே.

"எப்பிடி?"

"நீ கண்ணு வலின்னு வராத அன்னிக்கி, நாம முன்னாடி பாத்த படத்தையே திரும்பவும் போட்டான். தம்பி படிச்சிச் சொன்னான். கதையே வேற."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "தெரிஞ்சும் இன்னாத்துக்கு ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா அப்புறம் நீ எங்க மூஞ்சில முழிப்பியா?" என்றார் பாய்.

"சரி, அதான் ஒழுங்கா படிக்கிறவன் வந்துட்டானே. அப்புறம் நல்லா பாத்திருப்பீங்க."

"அவன் சொன்னது சரியான கதைதான்பா" என்றார் பாய். "பாதியில எழுந்து வந்துட்டோம். அதுக்கப்புறம் இன்னிக்கித்தான் கொட்டகைக்கே போனோம்."