சயா எழுதாமல் விட்ட சொல்

மழையில் ஈரம் ஏறிய காகிதக் கட்டுகளின் வாசனை... அதோடு கீழே நடைபாதையில் ஓடும் ஜெனரேட்டரின் புகை. லான்மடாவில் நான் முதன்முதலில் வேலைக்குப் போன அந்தப் பதிப்பகத்தை நினைத்தால், என் மூக்குக்குத்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

கரண்ட் போனால் ஜன்னல் ஓரத்துக்கு நகர்ந்து ப்ரூஃப் பார்ப்போம். நானும் மா துவேயும். அவள் பர்மியப் பெண், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். நான் அங்கே தனலட்சுமி இல்லை, தன் தன். தின்கன்ஜூனில் வீட்டருகே பஸ் ஏறும்போது தனம், லான்மடாவில் இறங்கும்போது தன் தன்... பர்மாத் தமிழர் நம்மில் பாதிப் பேருக்கு இதே கதைதானே!

மத்தியானம் டப்பாவைத் திறந்தால் என் மீன் குழம்பு அவளுக்கு, அவளுடைய தேயிலை ஊறுகாய் எனக்கு. அந்த ஆபீஸில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள்தான்.

அப்போது ஒரு பழைய அமெரிக்க நாவலைப் பர்மிய மொழியில் கொண்டுவந்தார்கள். நூறு வருஷத்துக்கும் முந்தையது, அடிமைகளின் கதை. மொழிபெயர்த்தவரை நாங்கள் சயா என்போம். வாத்தியாரையும் படித்தவர்களையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவது.

கதையில் ஒரு பண்ணை முதலாளி. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவான், ஏழைகளுக்கு ரொட்டி கொடுப்பான். தன்னை நல்லவன் என்று மனதார நம்புகிறவன். அப்படிப்பட்டவன் ஒரு தாயை ஒரு வண்டியிலும், அவள் பிள்ளையை இன்னொரு வண்டியிலும் ஏற்றி விற்றுவிடுகிறான்.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மா துவே விம்மி விம்மி அழுதாள். கன்னத்தில் மரப்பட்டை அரைத்துப் பூசியிருந்த தனகா கரைந்து வழிந்தது. "எப்படித்தான் மனசு வந்துச்சு இவங்களுக்கு? மனுஷங்கதானே அவங்களும்?"

நானும் சேர்ந்து அழுதேன்.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டும் சத்தம். கீழ்க்கடையிலிருந்து டீ கொண்டுவரும் மாரியண்ணன். மா துவே கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "தன் தன், கலா வந்துட்டான் பாரு. டீயை வாங்கி வை."

தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்குக் கலா என்றால் பக்கத்து வீட்டு அக்கா பெயர். இங்கே அது இந்திய வம்சத்தில் வந்த நம்மைச் சொல்லும் சொல். நம் நிறத்தை, மூக்கை, வந்த வழியை, எல்லாவற்றையும் ஒரே துப்பலில் துப்பிவிடும். மா துவே அதைத் துப்பவில்லை. பேனாவைப் பேனா என்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்...

மாரியண்ணன் காதில் விழாதது போல என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன தங்கச்சி, இன்னிக்கும் கரண்ட் இல்லியா?"

சில நாள் கழித்து சயா ஒரு சந்தேகத்தோடு வந்தார். நாவலில் வெள்ளைக்காரர்கள் அடிமைகளைக் கூப்பிடும் ஒரு வசைச்சொல், பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. "கறுப்பு மனிதன்னு போட்டா உறைக்க மாட்டேங்குது. படிக்கிறவனுக்குச் சுருக்குன்னு குத்தணும். நம்ம பாஷையில அப்படி என்ன சொல் இருக்கு?"

கேட்டு முடித்த பிறகுதான் அவர் கண் என் பக்கம் வந்தது. உடனே மேஜைக்குப் போய்விட்டது. அது எந்தச் சொல் என்று அவருக்கே தெரியும் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தச் சொல் புத்தகத்தில் வந்தே ஆக வேண்டும் என்று எனக்கு வெறியாக ஓர் ஆசை. கதையைப் படித்து இவ்வளவு அழப்போகிறவர்கள் ஒரு தடவையாவது எங்களைப் பார்த்துவிட்டு அழட்டுமே!

"கலான்னு போடுங்க சயா," என்றேன்.

மா துவே பதறிப்போனாள். "ஐயோ, அது திட்டா என்ன? சும்மா கூப்பிடுறதுதானே? உன்னை யாரு அப்படிச் சொன்னா? நீ கலா மாதிரியே இல்லையே, எங்க பொண்ணு மாதிரில்ல இருக்கே!" பாசமாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கையை உருவிக்கொள்ளவும் தோன்றவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

சயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "வேணாம்மா. படிக்கிறவங்க மனசு சங்கடப்படும்," என்றார். நாவல் முழுக்கக் கறுப்பு மனிதன் என்றே வந்தது.

சாயங்காலம் படியில் மாரியண்ணனிடம் ஆற்றாமையில் எல்லாவற்றையும் கொட்டினேன். காலி கிளாஸ்களை அடுக்கியபடி கேட்டார். "அந்தக் கதைக்கு அந்தப் பொண்ணு அழுதுச்சா?" ஆமாம் என்றேன். "நல்ல மனசு தங்கச்சி அதுக்கு. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத."

புத்தகம் நன்றாகவே விற்றது. டீக்கடையில் உட்கார்ந்து கண்கலங்கப் படித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். டீ கொடுத்தது யார் என்று அவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்போது அந்தப் பதிப்பகம் இருந்த இடத்தில் போன் கடை. சயா காலமாகிவிட்டார். மா துவே மகளோடு வெளிநாட்டில் இருக்கிறாள். அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு ஏதாவது அநியாயம் நடந்தால் முதல் ஆளாகப் போஸ்ட் போடுவாள், அழுகிற முக எமோஜியோடு. அன்று பக்கத்தில் உட்கார்ந்து அழுதோம், இன்று போனில் அழுகிறோம்... அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்திருந்தேன்.

போன வாரம் மாரியண்ணன் தவறிவிட்டார். மா துவேக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. செய்தி அனுப்பினேன்.

"எந்த மாரி?" என்று கேட்டாள்.

நமக்கு டீ கொண்டுவருவாரே, என்று எழுதினேன்.

"ஓ... அந்தக் கலாவா! ஐயோ பாவம்." கூடவே வரிசையாக அழுகிற முகங்கள்.

மா துவே பொய்யாக அழுகிறவள் இல்லை. அந்த நிமிஷம் அவளுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்திருக்கும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.