நீல வார் சிலிப்பர்

நேற்று எங்கள் கொண்டோவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பதினேழாவது மாடியில் ஒரு கதவு, அதற்கு வெளியே நீல வார் வைத்த ரப்பர் சிலிப்பர் ஒரு ஜோடி. 'யாருடையது? உடனே எடுக்கவும்' என்று கீழே ஒரு வரி, கூடவே கோபமாக ஒரு மஞ்சள் முகம். கதவு என்னுடையது. சிலிப்பர் அப்பாவுடையது. அப்பா இந்தக் கட்டடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே! நாலு வரி காரமாக எழுதினேன், அப்புறம் அழித்துவிட்டேன். இவர்களிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? உங்களிடமென்றால் சொல்லலாம்.

இதே இடத்தில்தான், பிரிக்பீல்ட்ஸில், நகராட்சி வாடகைக்கு விட்டிருந்த அந்தப் பழைய கவுன்சில் ஃப்ளாட் இருந்தது. லிஃப்ட் கிடையாது. படியேறும்போது ஒரு மாடியில் சம்பால் பிளாச்சானின் மிளகாய், இறால் நெடி மூக்கில் ஏறும், அடுத்ததில் சாம்பிராணி, அதையும் தாண்டினால் எங்கள் வீட்டு மீன் குழம்பு. எல்லாக் கதவுக்கும் வெளியே செருப்புகள் கிடக்கும். யார் வீட்டில் இருக்கிறார்கள், யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று கதவைத் தட்டாமலேயே தெரிந்துவிடும்.

அப்பா சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று கிளம்பியபோது நான் தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். காலில் சப்பாத்து போட்டுக்கொண்டு போனார், சிலிப்பரை வாசலில் விட்டுவிட்டார். கொஞ்ச காலம் போன் வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. தேடிப் போன சித்தப்பா, அப்பா அங்கே வேலையை விட்டே ரொம்ப நாளாகிறதாம் என்ற சேதியோடு திரும்பி வந்தார். செத்தார் என்றும் யாரும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை.

அம்மா சிலிப்பரை எடுக்கவில்லை. ஆம்பளை இல்லாத வீடு என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம். ஆனால் போடாத சிலிப்பரில் தூசி படியுமே! அதற்கும் வழி வைத்திருந்தார். "குப்ப கொட்டப் போறியா? அப்பா சிலிப்பர போட்டுக்கிட்டுப் போ" என்பார். என் கால் அதில் பாதிகூட இருக்காது. வாத்து மாதிரி நடந்து போய்த் திரும்பி வருவேன். படியில் டப், டப் என்று சத்தம் கேட்கும்.

அந்தச் சத்தத்துக்கு அடுப்படியில் அம்மா தலைநிமிர்ந்து பார்ப்பார். என்னை அனுப்பியதே அவர்தான். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்ப்பார். கதவில் நான் நிற்பதைப் பார்த்ததும் கரண்டியை மறுபடி குழம்புக்குள் விடுவார். சிலிப்பர் அறுந்துவிட்டால் அதே அளவில், அதே நீல வாரில், பாசாரில் தேடி வாங்கி வைப்பார்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த காலத்தில், வாடகைக்கு இருந்தவர்களுக்கே வீட்டைச் சலுகை விலையில் விற்கப்போகிறார்கள் என்று அறிவித்தார்கள். ஃப்ளாட் முழுக்க ஒரே கொண்டாட்டம். வாங்காதவர்கள் ஒருநாள் காலி செய்ய வேண்டியிருக்கும் என்ற பேச்சும் கூடவே வந்தது. எங்கள் வீட்டு வாடகைப் பத்திரம் அப்பா பெயரில் இருந்தது. கவுண்டரில் இருந்த மலாய்க்கார அக்கா பொறுமையாக விளக்கினார். அப்பா நேரில் வர வேண்டும், இல்லாவிட்டால் அவர் இறந்துவிட்டதாகக் கோர்ட்டில் உத்தரவு வாங்கி வர வேண்டும்.

"வேணாம்மா. வேற வீடு பாத்துக்கலாம். கிள்ளான் பக்கம் வாடகை கம்மி லா" என்றேன்.

"கிள்ளானுக்குப் போயிட்டா அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிஞ்சது இந்த வீடு மட்டுந்தானே!" என்றார் அம்மா.

அவர் திரும்பி வருவதற்கு வீடு வேண்டும். அந்த வீடு வேண்டுமென்றால் அவர் செத்துவிட்டார் என்று சத்தியம் செய்ய வேண்டும்.

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்: "உங்க கணவர் உயிரோட இருக்கார்னு நம்புறீங்களா?" அம்மா என்னைப் பார்த்தார். ரவிக்கைக்குள் கிடந்த தாலியைச் சேலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இல்லீங்க" என்றார்.

பஸ்ஸில் திரும்பினோம். இறங்குகிற இடம் வந்த பிறகுதான் அம்மா கேட்டார்: "நான் அப்படிச் சொன்னது அவருக்குக் கேட்டிருக்குமா?"

வீடு அம்மா பெயருக்கு வந்தது. எதிர்வீட்டு சரசு அக்காவுக்கு மனசு ஆறவில்லை. "கோர்ட்டுல செத்துட்டாருன்னு சொல்லிட்டு, இன்னமும் பொட்டு வெச்சிக்கிறியே, என்னா இது?"

"அது வீட்டுக்காகச் சொன்னது லா, அக்கா. இது அவருக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே வந்துவிட்டார். அதற்குப் பிறகும் நான் குப்பை கொட்டப் போகும்போதெல்லாம் அப்பா சிலிப்பர்தான். அம்மா நிமிர்ந்து பார்த்தார். ஆனால் இப்போது அந்தப் பார்வையில் கொஞ்சம் பயமும் இருந்தது.

அம்மா அந்தப் பொட்டோடுதான் போய்ச் சேர்ந்தார். பிறகு கட்டடத்தை இடித்தார்கள். வீடு சொந்தமாக இருந்தவர்களுக்கெல்லாம் புதிய கட்டடத்தில் ஒரு வீடு கிடைத்தது. அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குக் கிடைத்ததுதான் இந்தப் பதினேழாவது மாடி. கீழே காவலுக்கு ஒரு கார்டு இருக்கிறார், லிஃப்டுக்கு அட்டை வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்த கதவு இருந்த இடம் இப்போது வெறும் காற்று.

இன்று காலை சிலிப்பரை உள்ளே எடுக்கக் குனிந்தேன். தூசி படிந்திருந்தது. குப்பைப் பையை எடுத்துக்கொண்டு, அதையே போட்டு நடந்தேன். இப்போது என் காலுக்கு அது அவ்வளவு பெரிதாக இல்லை. மூடிய கதவுகளுக்கு நடுவே டப், டப் என்று சத்தம் போய்த் திரும்பி வந்தது. வீட்டு வாசலுக்கு வந்ததும் கதவைத் திறந்தேன்.

அடுப்படியில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.